சுவரில் பொன்னிறம்

வீட்டுச் சுவருக்குப் பூசும் பொன்னிறம் மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அது தனி மஞ்சள் அல்ல. மஞ்சளோடு சிறிது சிவப்பும், அதன் பளிச்சென்ற தன்மையை அடக்கும் அளவுக்குக் கொஞ்சம் கருமையும் சேர்ந்தால்தான் அந்த நிறம் கிடைக்கும். சிவப்பு கூடினால் காவியாகிவிடும். கருமை கூடினால் கடுகு நிறம். வெள்ளை கூடினால் தமிழ்நாட்டு வீடுகளில் வெகுகாலமாகப் பழகிய சந்தன நிறம். இவற்றுக்கு நடுவில் உள்ள குறுகிய இடமே இந்தப் பொன்னிறத்துக்கு, அதாவது செம்பொன்னுக்கு, உரியது. ஆல்பர்ட் மன்செல் 1905-இல் முன்வைத்த நிற அளவீட்டில் அது மஞ்சளும் செம்மஞ்சளும் சந்திக்கும் பகுதியில், வெண்மை அளவு 7-க்கும் 8-க்கும் இடையில் விழும். வெண்மை அளவு 7 உள்ள பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 43 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 8 உள்ளது 59 சதவீதத்தை. அறையை இருட்டாக்காமல், அதே நேரம் வெளிறியும் போகாமல் இருப்பதற்கு இந்த இடைவெளி மிகப் பொருத்தமானது.

உலோகத் தங்கத்துக்கும் இந்தப் பூச்சுக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதைவிடத் தூரமானது. தங்கம் நீல ஒளியைப் பெருமளவு உறிஞ்சிவிட்டு மற்றதைப் பளபளப்பாகத் திருப்புகிறது. 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலத்தில் அது திருப்புவது 40 சதவீதத்துக்கும் குறைவு. 650 நானோமீட்டர் சிவப்பில் 95 சதவீதத்துக்கும் அதிகம். மஞ்சளும் பளபளப்பும் ஒன்றுசேர்ந்தால்தான் கண் அதைத் தங்கம் என்று ஏற்கிறது. ஒகாசாவா, கொய்டா, கொமாட்சு என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பளபளப்பு ஏறியபோதுதான் பார்த்தவர்கள் அந்த நிறத்தைத் தங்கம் என்றார்கள், பளபளப்பு குறைந்தபோது அதற்கு மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்ற பெயர்களையே சொன்னார்கள். ஆகவே பளபளப்பில்லாத சுவரில் நகையின் நிறத்தைத் தேடுவதில் பயனில்லை. சுவரால் தர முடிந்தது ஆழமான, கண்ணை உறுத்தாத ஒரு மஞ்சள். அதைச் சரியாகப் பெறுவதற்கு டப்பாவில் இருக்கும் நிறமியையும் அறைக்குள் வரும் வெளிச்சத்தையும் ஒருசேரத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறமியைப் பொறுத்தவரை இந்த நிறத்தின் முதுகெலும்பு இரும்பு. மஞ்சள் காவி மண்ணுக்கு நிறம் தருவது கோத்தைட் என்னும் இரும்புக் கனிமம். அது நீலத்தையும் பச்சையில் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொண்டு, ஏறத்தாழ 540 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியைத் திருப்பிவிடுகிறது. 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அதில் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறி, ஹேமடைட்டாக, அதாவது செங்காவியாக மாறும்; உறிஞ்சும் எல்லையும் 580 நானோமீட்டர் பக்கம் நகர்ந்துவிடும். மண்ணில் இவை இரண்டும் பெரும்பாலும் கலந்தே கிடைக்கின்றன. அதனால் இயற்கைக் காவியிலேயே செம்பொன்னின் பல சாயல்களைப் பார்க்கலாம். சித்தன்னவாசல் ஓவியங்களிலும், தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களிலும் மஞ்சளாகத் தெரிவது இந்தக் காவிதான். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் இந்த ஓவியங்களின் நிறமிகளையும் பூச்சையும் ஆராய்ந்தார்.

அந்த ஓவியர்கள் காவியைத் தேர்ந்ததற்குச் சுவரே காரணம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு விழுந்ததும் நீர் சிவந்துவிடுவதைப் பார்க்காத தமிழர் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுகிறது. சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள்தூளைப் பூசினாலும் அதே மாற்றம்தான் நடக்கும். பிறகு அந்தச் சிவப்பும் வெயிலில் வெளிறிவிடும். இரும்பு நிறமியோ காரத்தாலும் மாறாது, வெயிலாலும் மாறாது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும்போது காவித் துகள்கள் அதற்குள்ளேயே சிக்கி நின்றுவிடுகின்றன. இன்றைய சிமென்ட் பூச்சும் காரம் மிகுந்ததே. புதிதாகப் பூசிய சுவரின் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் சுண்ணாம்பில் தாக்குப்பிடித்த நிறமி இன்று சிமென்டிலும் தாக்குப்பிடிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு ஒரு பளிச்சென்ற போட்டி வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வாக்லான் 1797-இல் குரோமியத்தைக் கண்டறிந்தபின், ஈயமும் குரோமியமும் சேர்ந்த குரோம் மஞ்சள் சந்தைக்கு வந்தது. ஒரே பூச்சில் அடியை மறைக்கும் வலிமை அதற்கு இருந்தது. ஆனால் ஈயம் நஞ்சு. பெயர்ந்து விழும் பழைய பெயின்ட் தூளை வாயில் வைக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்ட விதிகள், 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தின. பழைய வீட்டில் மஞ்சளோ ஆரஞ்சோ அடித்த கதவு, ஜன்னல் கம்பிகளை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து. அவற்றை நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அப்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஈயம் விலகிய இடத்தைக் கரிம மஞ்சள் நிறமிகள் பிடித்தன. அவை பளிச்சென்று இருக்கும். ஆனால் அடியை மறைக்காது. ஒரு நிறமி எவ்வளவு மறைக்கும் என்பது, அதன் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள பசையின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. எமல்ஷன் பசையின் எண் சுமார் 1.5, பெரும்பாலான கரிம மஞ்சள்கள் அதற்கு வெகுதூரம் மேலே போவதில்லை. வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அது 2.7, இரும்பு மஞ்சளுக்கு 2-க்கு நன்றாகவே மேல். எலுமிச்சை மஞ்சள் அடித்த சுவரில் மூன்று, நான்கு கோட்டிங் போட்டும் பட்டியின் திட்டுகள் தெரிவதற்கும், செம்பொன் இரண்டு கோட்டிங்கில் அடங்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

கடையில் இயந்திரம் கலந்து தரும் செம்பொன்னில் வெள்ளை அடிப்பெயின்டோடு மஞ்சள் ஆக்சைடு பெருமளவும், சிவப்பு ஆக்சைடு சிறிதளவும், கறுப்போ பழுப்போ சில துளிகளும் விழுகின்றன. சில ஷேடுகளில் பிரகாசத்துக்காகக் கரிம மஞ்சளும் சேர்க்கப்படும். எந்த நிறச்சாறு எவ்வளவு விழுகிறது என்பது கணினித் திரையில் வரும். கேட்டால் பெரும்பாலான கடைகளில் சொல்வார்கள். வெயில் நேராகப் படும் வெளிச்சுவருக்கு ஆக்சைடுகள் மட்டுமே கொண்ட கலவையை வாங்குவது நல்லது. கரிம மஞ்சள் முதலில் வெளிறினால், எஞ்சி நிற்பது அழுக்குச் சாயல்தான்.

அந்தச் சிவப்பு ஆக்சைடு அளவில் சிறியதாக இருந்தாலும் முழு நிறத்தையும் காப்பாற்றுவது அதுவே. மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் கிடைப்பது மங்கிய மஞ்சள் அல்ல, பாசிப்பச்சை. நிழலிலும் இதே விளைவு உண்டு: சிவப்பு சேராத மஞ்சள், வெளிச்சம் குறைந்த மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் பச்சையாகத் தெரியும். சிவப்புச் சாயல் உள்ள பொன்னிறம் நிழலில் வெண்கல நிறத்துக்கும் பழுப்புக்கும் இறங்கும். அது வீட்டுக்குள் இதமாக இருக்கும். ஷேடு கார்டில் இரண்டு பொன்னிறங்களுக்கு நடுவே தயக்கம் வந்தால், அதே பட்டையின் அடியில் உள்ள மிக அடர்ந்த கட்டத்தைப் பார்த்தால் போதும். அது பழுப்பாக இருந்தால் மேலே உள்ளதில் சிவப்பு இருக்கிறது. பாசி நிறமாக இருந்தால் இல்லை.

இனி வெளிச்சம். வடக்குப் பார்த்த அறைக்கு நீலம் கலந்த குளிர்ந்த வெளிச்சமே வரும், ஆகவே அங்கே வெம்மையான நிறம் பூச வேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்க அலங்கார நூல்கள் சொல்கின்றன. லண்டனுக்கு அது சரி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம்: ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் இறுதி வரை. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையிலும் மாலையிலும் நேரடி வெயில் சாய்ந்து நுழையும். ஆகவே தமிழ்நாட்டில் வடக்கு அறை ஆண்டு முழுதும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதில்லை. மார்கழியில் நீல வானத்தின் ஒளி, வைகாசியில் சூரியனின் ஒளி. செம்பொன் இந்த இரண்டையும் தாங்கும். நீல வானத்தின் ஒளி 10,000 கெல்வினுக்கும் மேற்பட்ட நிறவெப்பம் கொண்டது (இந்த எண் ஏறினால் ஒளியில் நீலம் கூடும், இறங்கினால் குறையும்). அது பட்டால் செம்பொன் சற்றே அடங்கிச் சந்தனத்தை நெருங்கும்.

கவனமாக இருக்க வேண்டியது மேற்கு அறையில். மாலை வெயிலின் நிறவெப்பம் 3,000 கெல்வினுக்கும் கீழே போகும். அப்போது அதில் நீலம் மிகக் குறைவு. பகலில் பொன்னாக இருந்த சுவர் மாலை ஐந்தரை மணிக்கு ஆரஞ்சாகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் மேற்கு அறைக்கு மட்டும் சிவப்பு குறைந்த, வெண்மை கூடிய ஷேடை எடுப்பது நல்லது.

நகரத்துத் தெருக்களில் திசையைவிட எதிர்வீடு முக்கியம். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஐந்தடி சந்து மட்டுமே இருக்கும் இடத்தில், ஜன்னலுக்குள் வரும் வெளிச்சம் பெரும்பாலும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது. அந்தச் சுவர் பச்சையாக இருந்தால் உள்ளே பொன்னிறமும் பச்சை வாங்கும். ஜன்னலை ஒட்டி வாழையோ வேம்போ இருந்தாலும் அப்படியே. செம்மண் முற்றம் இருந்தால் எதிர்த்திசையில், சிவப்பு கூடும்.

இரவில் முடிவு செய்வது விளக்கு. தமிழ்நாட்டு வீடுகளில் மிகப் பரவலாக இருப்பது 6,500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டும் அதே நிறவெப்பமுள்ள எல்இடி பட்டையும். பழைய டியூப் லைட்டின் பாதரச ஒளியில் 546 நானோமீட்டரில் ஒரு கூர்மையான பச்சைக் கோடு உண்டு. பொன்னிறச் சுவர் அந்தக் கோட்டைத் தாராளமாகத் திருப்பிவிடும், ஆனால் ஆழ்சிவப்பு அந்த விளக்கிலேயே குறைவு. அதனால் கடையில் பொன்னாகத் தெரிந்தது வீட்டில் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிகிறது. மலிவான வெள்ளை எல்இடியிலும் குறை இதுவே: நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பொடி பூசி வெள்ளையை உண்டாக்குகிறார்கள், சிவப்பு போதாது. விளக்கின் பெட்டியில், நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ என்ற எண் 90-ஐத் தாண்டியிருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். 80 என்றிருப்பது போதாது. பொதுவான சிஆர்ஐ கணக்கில் ஆழ்சிவப்பு சேர்க்கப்படுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கில் வெள்ளையும் மஞ்சளாகிவிடும். அப்போது பொன்னிறச் சுவருக்கும் கிரீம் நிற விதானத்துக்கும் வேறுபாடு கரைந்து, அறை முழுதும் ஒரே நிறமாகத் தோன்றும். செம்பொன் பூசிய ஹாலுக்கு 3,000 முதல் 4,000 கெல்வின் வரையிலான விளக்கே ஏற்றது. பெயின்டை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மலிவு என்பதால், நிறம் பிடிக்காமல் போனவர்கள் முதலில் விளக்கைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கார்டில் மென்மையாக இருந்த நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் கனத்துப்போவது எல்லோரும் கண்ட ஏமாற்றம். அதற்குக் கண்ணின் குற்றம் மட்டும் காரணமல்ல. ஒரு செம்பொன் பூச்சு மஞ்சள்–சிவப்பு ஒளியில் 70 சதவீதத்தையும் நீலத்தில் 20 சதவீதத்தையும் திருப்புவதாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளை ஒளி ஒருமுறை பட்டுத் திரும்பினால், மஞ்சள் நீலத்தைப்போல் மூன்றரை மடங்கு. ஆனால் மூடிய அறையில் ஒளி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போகிறது. இரண்டாம் முறை பட்டால் மஞ்சள் 49 சதவீதம், நீலம் 4 சதவீதம்: 12 மடங்கு. மூன்றாம் முறை 34-க்கு 0.8, 40 மடங்கைத் தாண்டிவிடுகிறது. மூலையில் நிறம் ஆழமாகத் தெரிவதும், வெள்ளை விதானம் பொன் வாங்குவதும் இதனால்தான். அறை சிறிதாக, ஜன்னல் குறைவாக இருந்தால் ஒளி அதிக முறை மோதித்தான் கண்ணை அடையும். நிறம் அந்த அளவுக்கு ஏறும். நான்கு சுவருக்கும் பூசுவதானால், கார்டில் பிடித்த கட்டத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுப்பது சரியான கணக்கு. ஒரே சுவருக்கு என்றால் பிடித்ததையே எடுக்கலாம்.

மாதிரி பார்ப்பதற்கும் இந்தக் கணக்கே வழி காட்டுகிறது. பழைய பச்சைச் சுவரின் நடுவே ஒரு கை அகலத்துக்குப் பூசிப் பார்ப்பது தவறான முறை. சுற்றியுள்ள பச்சை, மாதிரியை வேண்டாத அளவுக்குச் சிவப்பாகக் காட்டும். பட்டி பார்த்த இரண்டடிச் சதுரப் பலகைகள் இரண்டை எடுத்து, விளிம்பு வரை இரண்டு கோட்டிங் அடித்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் தெரிவதில்லை. பிறகு இரண்டையும் அறையின் மூலையில் செங்குத்தாக, ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தினால், அவை சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு நிறம் அடர்ந்து தெரியும். நாளை அறை முழுதும் காணப்போவது அந்த அடர்ந்த நிறத்துக்கு அருகில்தான் இருக்கும். காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பார்க்க வேண்டும். மேசைமேல் படுக்கவைத்துப் பார்ப்பது சுவருக்கு உதவாது, கிடைப்பரப்பில் விழும் வெளிச்சம் வேறு.

நிறம் முடிவானதும் துணை நிறங்களின் கேள்வி வருகிறது. பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல், அடுத்தடுத்து வைத்த இரு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளுகின்றன என்பதை 1839-இல் நூலாக எழுதினார். பொன்னிறத்துக்கு எதிர்த்திசை நீலம். அதனால் பொன்னிறச் சுவருக்குப் பக்கத்தில் சாதாரணச் சாம்பல் நீலமாகத் தெரியும். நீலம் துளியளவு கலந்த தூய வெள்ளை, ஜன்னல் சட்டத்தில் ஆஸ்பத்திரி வெண்மையாக உறுத்தும். விதானத்துக்கும் சட்டங்களுக்கும் அதே மஞ்சள் ஆக்சைடு சில துளிகள் விழுந்த வெள்ளையே பொருந்தும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் காவிச் சுவர்களை ஒட்டிய வெள்ளைப் பட்டைகள் நன்றாக அமைந்திருப்பதற்கு, பழைய சுண்ணாம்பு வெள்ளை என்றுமே முழு வெள்ளையாக இருந்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

தரை பெரிய பரப்பு, மாற்ற முடியாததும்கூட. சிவப்பு ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கற்களும் செம்பொன்னோடு தயக்கமின்றிச் சேரும். சிமென்டில் கலந்த அந்தச் சிவப்பும் இரும்புதான்; சுவருக்கும் தரைக்கும் ஒரே நிறமிக் குடும்பம். கடப்பைக் கல்லின் கருமை பொன்னிறத்தை வெளிச்சமாக்கிக் காட்டும். சிக்கல் தருவது இளஞ்சிவப்பு சாய்ந்த பளபளப்பு டைல்ஸ்: அதன் அருகில் பொன்னிறம் பச்சை வாங்கித் தெரியும். அந்தத் தரை உள்ள வீட்டில் செம்பொன்னை விட்டுச் சந்தனத்தில் நின்றுவிடுவதே நல்லது.

தேக்குக் கதவு இன்னொரு வகைச் சிக்கல். தேக்கின் நிறமும் செம்மஞ்சள் பகுதியைச் சேர்ந்ததே; வெண்மை அளவும் நெருங்கியிருந்தால் கதவு சுவரில் கரைந்துபோகும். சுவரைக் கதவைவிட இரண்டு படி வெளிச்சமாக வைத்தால் மரத்தின் வரிகள் தெளிவாக எழும். பித்தளைக் குத்துவிளக்குக்கும் இதே விதி. பூஜை அறையில் எல்லாம் பொன்னாக இருக்கட்டும் என்ற ஆசையில் விளக்குக்குப் பின்சுவரைப் பொன்னாக்கினால், விளக்கின் உருவமே தொலைந்துவிடும். அங்கே அரக்கு நிறமோ அடர்பச்சையோ பின்னால் நிற்க வேண்டும். பித்தளையின் பளபளப்பே பொன்னின் வேலையைச் செய்துவிடும்.

திரைச்சீலை, மெத்தை உறை, படச்சட்டம் ஆகியவற்றுக்கு அளவே முக்கியம். சேலையின் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்கிலோ எம்.எஸ். புளூவிலோ கரை வைக்கும் காஞ்சிபுரம் நெசவாளரின் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்: எதிர்நிறம் ஆழமாக இருக்கலாம், பரப்பில் சிறிதாக இருக்க வேண்டும். நீலத்தையும் பொன்னையும் சரிபாதியாக வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிக் கண்ணைக் களைப்பாக்கும். இலைப்பச்சையும் ஆலிவும் பொன்னுக்கு அண்டை நிறங்கள்; அவற்றைத் தாராளமாகவே வைக்கலாம்.

பூச்சின் பளபளப்பும் நிறத்தை மாற்றும். எந்தப் பெயின்டின் மேற்பரப்பும் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை நிறம் சேர்க்காமலே திருப்பும். மேட் பூச்சில் அந்த வெள்ளொளி எல்லாத் திசையிலும் சிதறி நிறத்தின்மேல் மெல்லிய வெண்மையைப் படரவிடும். சாட்டினில் அது ஒரே திசையில் போய்விடுவதால் அதே ஷேடு ஆழமாகத் தெரியும். சாட்டினின் ஆழம் பொன்னிறத்துக்கு அழகு. ஆனால் பட்டி வேலையின் மேடு பள்ளத்தை அது காட்டிக்கொடுக்கும். சுவர் ஒழுங்காக இல்லாத பழைய வீட்டில் மேட் பூச்சே பாதுகாப்பு. டைட்டானியம், இரும்பு ஆக்சைடு பூசிய அபிரகத் துகள்கள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் உண்மையான தங்கப் பளபளப்பைத் தரும். அதை ஒரு மாடத்துக்கோ சட்டத்துக்கோ மட்டும் பயன்படுத்துவது போதும். பெரிய சுவரில் ஒவ்வொரு தூரிகைக் கோடும் தனியாக மின்னும்.

புதுச் சிமென்ட் பூச்சை 28 நாளாவது காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே நிறத்தைத் தொட வேண்டும். இரும்பு நிறமி காரத்தைத் தாங்கினாலும், ஈரத்தோடு வெளியே வரும் உப்பு வெள்ளைத் திட்டுகளாகப் படியும். பொன்னிறத்தில் அது வெள்ளைச் சுவரைவிடப் பல மடங்கு துருத்தித் தெரியும். ஓர் அறைக்கு வேண்டிய டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகு அடிப்பது நல்ல பெயின்டர்களின் வழக்கம். தனித்தனியாகக் கலந்த டப்பாக்களில் சிவப்பு ஒரு துளி ஏறி இறங்கினாலும் சுவரின் நடுவே கோடு விழும். மூடியில் ஒட்டியுள்ள ஷேடு எண்ணையும் அரை லிட்டர் பெயின்டையும் எடுத்துவைத்தால் பின்னால் ஆணி அடித்த இடத்தைத் திருத்த உதவும். திருத்தும்போது புள்ளியாகத் தொடாமல், மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுதும் ஒரு கோட்டிங் அடிக்க வேண்டும்.